‘பிகாஸ்’ என்ற ஒரே சொல்லுக்குப் பதிலாக எந்தச் சொல்லை எங்கே வைப்பது?

வணக்கம் சகோதரி. மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் படிவம் ஐந்தில் படிக்கும் உங்கள் மகன், ‘நம் ஊர் இளைஞர்கள் ஏன் வெளியூருக்குப் போய்விடுகிறார்கள்’ என்ற ஆங்கிலக் கட்டுரையில் வரிக்கு வரி ‘பிகாஸ்’ என்று எழுதியதாகவும், ஆசிரியர் அதைச் சிவப்பு மையால் சுழித்து வேறு சொற்களைப் பயன்படுத்தச் சொன்னதாகவும், அவன் ஒரு பட்டியலைத் தேடி எடுத்து ‘பிகாஸ்’ இருந்த இடத்திலெல்லாம் ‘டியூ டு’, ‘தேர்ஃபோர்’, ‘ஹென்ஸ்’ என்று மாற்றி எழுதியபோது பிழைகள் முன்னைவிடக் கூடிவிட்டதாகவும் குறிப்பிட்டிருந்தீர்கள். படிவம் ஐந்தின் முடிவில் வரும் எஸ்.பி.எம். தேர்வுக்குள் எந்தச் சொற்களைக் கற்க வேண்டும், எப்படிக் கற்க வேண்டும் என்பது உங்கள் கேள்வி. இதே வட்டாரத்தில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நெடுங்காலமாக ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அவனைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. அவன் கையில் கிடைத்த பட்டியல் போன்றவை, காரணத்தையும் விளைவையும் சொல்லும் எல்லாச் சொற்களையும் ஒரே பொருளுடையவை என்று வரிசையாக அடுக்கிவிடுகின்றன. உண்மையில் அவை வெவ்வேறு இனத்தைச் சேர்ந்தவை. சில சொற்களுக்குப் பின்னால் எழுவாயும் வினைமுற்றும் கொண்ட முழு வாக்கியம் வர வேண்டும். சிலவற்றுக்குப் பின்னால் பெயர்ச்சொல் மட்டுமே வரலாம். சில, முடிந்துபோன ஒரு வாக்கியத்துக்கு அடுத்த வாக்கியத்தின் தொடக்கத்தில் நிற்கும். இன்னும் சில வினைச்சொல்லாகவே வந்து, காரணத்தை எழுவாயாகவும் விளைவைச் செயப்படுபொருளாகவும் ஆக்கிக்கொள்ளும். ஓர் இனத்துச் சொல்லை எடுத்துவிட்டு அங்கே வேறோர் இனத்துச் சொல்லை வைத்தால், வாக்கியத்தின் மற்ற பகுதிகளையும் மாற்றியாக வேண்டும். உங்கள் மகன் சொல்லை மட்டும் மாற்றி, வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டான்.

இந்தத் தடுமாற்றம் நம் பிள்ளைகளுக்கு ஏன் எளிதில் வருகிறது என்பதற்குத் தமிழ் அமைப்பிலேயே விடை இருக்கிறது. ‘மழையால் பால் வெட்டு (ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுக்கும் வேலை) இல்லை’ என்கிறோம். ‘மழை பெய்ததால் பால் வெட்டு இல்லை’ என்றும் சொல்கிறோம். இரண்டிலும் அதே ‘ஆல்’ உருபுதான். பெயரோடும் ஒட்டுகிறது, வினையிலிருந்து பிறந்த பெயரோடும் ஒட்டுகிறது. ஆங்கிலம் இந்த இரண்டையும் பிரித்துவிடும். முதல் வாக்கியத்துக்கு ‘பிகாஸ் ஆஃப் த ரெயின்’. இரண்டாவதற்கு ‘பிகாஸ் இட் ரெயின்ட்’. ‘பிகாஸ் ஆஃப் இட் ரெயின்ட்’ என்றோ ‘டியூ டு த ரெயின் வாஸ் ஹெவி’ என்றோ எழுதும் பிள்ளை, தமிழில் ஒன்றாக இருப்பதை ஆங்கிலத்திலும் ஒன்றாகவே எண்ணுகிறான். சோதித்துப் பார்க்கும் வழி எளியது: அந்தச் சொல்லுக்குப் பின்னால் ‘வாஸ்’, ‘இஸ்’, ‘ரெயின்ட்’, ‘ஃபெல்’ போன்ற வினைமுற்று வருகிறதா என்று பார்க்க வேண்டும். வந்தால் ‘பிகாஸ்’, ‘சின்ஸ்’, ‘ஆஸ்’ ஆகியவை பொருந்தும். வராவிட்டால் ‘பிகாஸ் ஆஃப்’, ‘டியூ டு’, ‘ஓயிங் டு’, ‘ஆஸ் எ ரிசல்ட் ஆஃப்’ ஆகியவை பொருந்தும்.

இங்கேதான் உண்மையான உழைப்பு தேவைப்படுகிறது. ‘டியூ டு’ என்ற சொல்லைக் கற்பதற்கு ஒரு நிமிடம் போதும். அதன் பின்னால் வைப்பதற்கு ஒரு நல்ல பெயர்த்தொடரை ஆக்கக் கற்பதற்குத்தான் பல வாரங்கள் ஆகும். ‘த பிரைஸ் ஃபெல்’ என்ற வாக்கியத்தை ‘த ஃபால் இன் த பிரைஸ்’ என்று பெயராக்கத் தெரிய வேண்டும். ‘தேர் ஆர் நோட் இனஃப் ஜாப்ஸ்’ என்பதை ‘த லேக் ஆஃப் ஜாப்ஸ்’ என்றும், ‘வொர்க்கர்ஸ் ஆர் ஹார்ட் டு ஃபைண்ட்’ என்பதை ‘த ஷார்ட்டேஜ் ஆஃப் வொர்க்கர்ஸ்’ என்றும் சுருக்கத் தெரிய வேண்டும். ‘ரைஸ் இன்’, ‘ஃபால் இன்’, ‘லேக் ஆஃப்’, ‘ஷார்ட்டேஜ் ஆஃப்’, ‘அப்சென்ஸ் ஆஃப்’, ‘ஃபெயிலியர் டு’ ஆகிய ஆறு தொடர்களை அவன் கைவசப்படுத்திக்கொண்டால், கட்டுரையில் வரும் பெரும்பாலான காரணங்களைப் பெயர்த்தொடராக மாற்றிவிடலாம். நீளமான இணைப்புச்சொல் பட்டியலை மனனம் செய்வதைவிட இந்த ஆறு தொடர்களே அவனுக்கு அதிகம் உதவும் என்று உறுதியாகச் சொல்வேன்.

‘டியூ டு’, ‘ஓயிங் டு’ இரண்டுக்கும் இடையே பழைய இலக்கண ஆசிரியர்கள் ஒரு கோடு கிழித்திருந்தார்கள். ‘த டிலே வாஸ் டியூ டு த ஃப்ளட்’ என்பதுபோல ‘பி’ வினைக்குப் பின்னால் ‘டியூ டு’ வரலாம்; ‘ஓயிங் டு த ஃப்ளட், த பஸ் வாஸ் லேட்’ என்பதுபோல வாக்கியத்தின் தொடக்கத்தில் ‘ஓயிங் டு’ மட்டுமே வரலாம் என்பது அவர்கள் விதி. இன்றைய ஆங்கிலத்தில் தொடக்கத்திலும் ‘டியூ டு’ வருவது இயல்பாகிவிட்டது. இதற்காக அவன் மண்டையைக் குடைந்துகொள்ள வேண்டாம். ‘தேங்க்ஸ் டு’ மட்டும் கவனத்துக்குரியது. விளைவு நல்லதாக இருக்கும்போது அதைப் பயன்படுத்துவதே பாதுகாப்பு. ‘தேங்க்ஸ் டு த ஃப்ளட்’ என்று எழுதினால், வெள்ளத்தைக் குத்தலாகப் பாராட்டுவதுபோல் ஆகிவிடும்.

‘பிகாஸ்’, ‘சின்ஸ்’, ‘ஆஸ்’ மூன்றும் ஒரே வாக்கிய அமைப்பை ஏற்றாலும் அழுத்தத்தில் வேறுபடுகின்றன. படிப்பவருக்குத் தெரியாத காரணத்தைப் புதிதாகச் சொல்லும்போது ‘பிகாஸ்’ வரும். அது பெரும்பாலும் வாக்கியத்தின் பின்பகுதியில் நிற்கும். படிப்பவருக்கு முன்பே தெரிந்த காரணத்தை நினைவூட்டிவிட்டு விளைவுக்குப் போகும்போது ‘சின்ஸ்’ அல்லது ‘ஆஸ்’ முன்னால் வரும். இவற்றுக்குக் காலப்பொருளும் உண்டு. ‘ஆஸ் ஹி வாஸ் டேப்பிங்’ என்பது ‘மரம் சீவிக்கொண்டிருந்ததால்’ என்றும் ‘சீவிக்கொண்டிருந்தபோது’ என்றும் பொருள்படும். ஐயம் எழும் இடத்தில் ‘பிகாஸ்’ போடுவதே நேர்மை. ‘பிகாஸ்’ தவறான சொல் என்ற எண்ணம் அவன் மனத்தில் விழுந்திருந்தால் அதைத் தயவுசெய்து அகற்றிவிடுங்கள். தேர்ந்த எழுத்தாளர்களும் அதைத் தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள். ஒரே பத்தியில் அடுத்தடுத்து வரும்போதுதான் அது உறுத்துகிறது.

நம் ஊர்ப் பள்ளிகளில் இன்னொரு பிழையும் எல்லா இனத்துப் பிள்ளைகளிடமும் பரவலாக இருக்கிறது: ‘பிகாஸ் த ரோட் வாஸ் ஃப்ளடட், ஸோ வீ ஸ்டேட் அட் ஹோம்’ என்று இரண்டு இணைப்புச்சொற்களையும் ஒரே வாக்கியத்தில் வைப்பது. மாண்டரின் மொழியில் ‘யின்வெய்’ என்று தொடங்கினால் ‘சுவோயி’ என்று தொடர்வது இயல்பு. மலாயில் ‘ஓலே செபாப்’ என்று தொடங்கிய பின் ‘மாக்கா’ சேர்க்கும் பழக்கம் பலருக்கு உண்டு. தமிழிலும் பேச்சில் ‘ஏன்னா’ என்று ஆரம்பித்து ‘அதனால’ என்று முடிக்கிறோம். மூன்று பக்கத்திலிருந்தும் இதே வடிவம் காதில் விழும்போது பிள்ளை என்ன செய்வான்? ஆங்கிலத்தில் ‘பிகாஸ்’ வந்தால் ‘ஸோ’ வரக் கூடாது, ‘ஸோ’ வந்தால் ‘பிகாஸ்’ வரக் கூடாது என்று மட்டும் சொல்லிவையுங்கள்.

இனி ‘தேர்ஃபோர்’ விஷயம். அவன் திருத்தி எழுதியதாக நீங்கள் அனுப்பிய வாக்கியம் இது: ‘யங் பீப்பிள் லீவ் த டவுன், தேர்ஃபோர் தேர் ஆர் நோ ஜாப்ஸ்.’ அவன் சொல்ல நினைத்தது, வேலை இல்லாததால் இளைஞர்கள் போகிறார்கள் என்பது. அவன் எழுதியிருப்பதோ, இளைஞர்கள் போவதால் வேலை இல்லாமல் போகிறது என்று பொருள்படுகிறது. ‘பிகாஸ்’ தன் பின்னால் காரணத்தைக் கொண்டுவரும். ‘தேர்ஃபோர்’, ‘கான்சீக்குவென்ட்லி’, ‘ஆஸ் எ ரிசல்ட்’ ஆகியவை தம் பின்னால் விளைவைக் கொண்டுவரும். ஒன்றை எடுத்து மற்றொன்றை வைத்தால் முன்பாதியும் பின்பாதியும் இடம் மாற வேண்டும்: ‘தேர் ஆர் ஃபியூ ஜாப்ஸ் இன் த டவுன். ஆஸ் எ ரிசல்ட், மெனி யங் பீப்பிள் லீவ்.’ இது இலக்கணப் பிழையைவிடக் கடுமையானது. இலக்கணம் பிசகினாலும் தேர்வாளர் கருத்தைப் புரிந்துகொள்வார், கருத்தே தலைகீழானால் அவருக்கு வழியில்லை.

அதே வாக்கியத்தில் நிறுத்தக்குறியும் தவறு. ‘தேர்ஃபோர்’ என்பது இரு வாக்கியங்களைக் கட்டிவைக்கும் இணைப்பிடைச்சொல் அன்று. அதற்கு முன்னால் முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ வர வேண்டும், பின்னால் காற்புள்ளி வர வேண்டும். வெறும் காற்புள்ளியால் இரண்டு முழு வாக்கியங்களை ஒட்டவைக்க ஆங்கிலம் இடம் தராது. விளைவைச் சொல்லும் இச்சொற்களுள் ‘ஸோ’ மட்டும் இதற்கு விலக்கு. அதற்கு முன்னால் காற்புள்ளி போதும். ஆனால் ‘ஸோ’ பேச்சு நடைக்கு நெருக்கமானது என்பதால் எஸ்.பி.எம். இரண்டாம் தாளின் முதல் பகுதியில் வரும் மின்னஞ்சலுக்குப் பொருந்தும். 200 முதல் 250 சொற்களில் எழுத வேண்டிய மூன்றாம் பகுதியில் அவன் அறிக்கையைத் தேர்ந்தெடுத்தால் அங்கே ‘ஆஸ் எ ரிசல்ட்’ மேலானது.

இதுவரை சொன்னவை பிழை தவிர்ப்பதற்கு. எழுத்து உயர்வதற்கு வினைச்சொற்கள் வேண்டும். ஆங்கிலத்தில் காரண காரியம் எழுதும் கலை பெரும்பாலும் வினைகளில்தான் இருக்கிறது என்பது என் துணிபு.

நம் பகுதியைச் சுற்றி நிற்கும் செம்பனையையே (எண்ணெய்ப் பனை) எடுத்துக்கொள்வோம். 1981-க்கு முன்னர் மலேசியத் தோட்டங்களில் செம்பனைப் பூக்களுக்குத் தொழிலாளர்கள் கையால் மகரந்தம் தூவி வந்தார்கள். அவ்வாண்டில் கேமரூன் நாட்டிலிருந்து ஒரு சிறு கூன்வண்டைக் கொண்டுவந்து தோட்டங்களில் விட்டார்கள். அந்த வண்டு ஆண்பூவிலிருந்து பெண்பூவுக்கு மகரந்தத்தைச் சுமந்து சென்றது. குலைகளில் காய்ப்பிடிப்பு கூடியது. கையால் தூவும் வேலைக்குத் தேவையே இல்லாமல் போயிற்று. இந்த ஒரே நிகழ்வை ஆங்கிலத்தில் பல திசைகளிலிருந்து எழுதலாம். காரணத்திலிருந்து விளைவுக்குப் போனால் ‘த வீவில் லெட் டு பெட்டர் ஃப்ரூட் செட்’ அல்லது ‘ரிசல்ட்டட் இன் பெட்டர் ஃப்ரூட் செட்’. விளைவிலிருந்து காரணத்துக்குத் திரும்பினால் ‘பெட்டர் ஃப்ரூட் செட் ரிசல்ட்டட் ஃப்ரம் த அரைவல் ஆஃப் த வீவில்’. ‘ரிசல்ட் இன்’, ‘ரிசல்ட் ஃப்ரம்’ இரண்டும் எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன. அந்தச் சிறு முன்னிடைச்சொல்தான் திசைகாட்டி. ஒரு பெரிய மாற்றமே நிகழ்ந்தது என்று சொல்ல விரும்பினால் ‘இட் ப்ராட் அபவுட் த எண்ட் ஆஃப் ஹேண்ட் பாலினேஷன்’ எனலாம்.

‘லீட் டு’ பற்றி இரண்டு எச்சரிக்கைகள். அதில் உள்ள ‘டு’ வினையெச்சத்தின் ‘டு’ அன்று. ஆகவே ‘லெட் டு லூஸ் தேர் ஜாப்ஸ்’ என்பது பிழை. ‘லெட் டு ஜாப் லாஸஸ்’ என்று பெயராகவோ, ‘லெட் டு வொர்க்கர்ஸ் லூசிங் தேர் ஜாப்ஸ்’ என்று ‘இங்’ ஈறோடோ எழுத வேண்டும். மற்றொன்று, அதன் இறந்தகால வடிவம் ‘லெட்’ என்று ஒலிக்கும். எல், இ, டி என்ற மூன்று எழுத்துகள்தான். நடுவே ‘ஏ’ என்ற எழுத்தைச் சேர்த்து நிகழ்கால வடிவத்தையே எழுதிவிடுவது நன்றாக எழுதும் பிள்ளைகளிடமும் காணப்படும் பிழை.

‘காஸ்’ என்ற வினைக்கு ஒரு தனிக்குணம் உண்டு. மைக்கேல் ஸ்டப்ஸ் என்ற மொழியியலாளர் கணினியில் தொகுத்த பெருந்தொகையான ஆங்கில நூற்பகுதிகளை ஆராய்ந்து 1995-இல் ஒன்றைக் காட்டினார்: ‘காஸ்’ என்ற சொல்லின் அருகே வருபவை பெரும்பாலும் சிக்கல், சேதம், மரணம், கவலை போன்ற வேண்டாத விளைவுகளே. அகராதியில் ‘காஸ்’ நடுநிலைச் சொல்லாகத்தான் தெரியும். புழக்கத்தில் அதன் மேல் ஒரு நிழல் படிந்திருக்கிறது. ‘த நியூ லைப்ரரி காஸ்ட் ஆன் இம்ப்ரூவ்மென்ட்’ என்று எழுதினால் இலக்கணம் சரி, ஆனால் ஆங்கிலம் பழகிய காதுக்கு ஏதோ இடறும். அங்கே ‘லெட் டு’ அல்லது ‘ப்ராட் அபவுட்’ பொருந்தும். நம் பிள்ளைகள் மலாயின் ‘மெஞெபாப்கான்’ என்ற வினையை நன்மை தீமை இரண்டுக்கும் பயன்படுத்திப் பழகியிருப்பதால் ‘காஸ்’ என்பதையும் அவ்வாறே எல்லா இடத்திலும் வைக்கிறார்கள். அதன் அமைப்பையும் பார்த்துக்கொள்ள வேண்டும்: ‘காஸ்ட் மெனி ஃபேமிலீஸ் டு மூவ்’ சரி, ‘காஸ்ட் தட் மெனி ஃபேமிலீஸ் மூவ்ட்’ பிழை. ‘மேக்’ வினைக்கு மட்டும் ‘டு’ வேண்டாம்; ‘மேட் தெம் மூவ்’.

அடுத்தது, ஒரு காரணத்துக்கு எவ்வளவு பொறுப்பு என்பதை அளந்து சொல்லும் வினைகள். நம் ஊர் வரலாறே இதற்கு ஏற்ற பாடம். 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஜூன் 18-இல் ஆங்கிலேய ஆட்சி அறிவித்த அவசரகாலம் மலாயா முழுவதற்கும் விரிந்தது. அது 1960 வரை நீடித்தது. இதை ஒரு மாணவன் ‘த கில்லிங்ஸ் காஸ்ட் த எமர்ஜென்சி’ என்று எழுதினால், அந்தக் கொலைகள் மட்டுமே முழுக் காரணம் என்றாகிவிடும். போருக்குப் பிந்தைய உணவுத் தட்டுப்பாடும் விலையேற்றமும், தோட்டங்களிலும் சுரங்கங்களிலும் நடந்த வேலைநிறுத்தங்களும், கம்யூனிஸ்டுக் கட்சிக்கும் ஆங்கிலேய ஆட்சிக்கும் இடையே முற்றிக்கொண்டிருந்த பகையும் அதற்குப் பின்னணியில் இருந்தன. ஆகவே கொலைகளுக்கு ‘ட்ரிகர்’ என்ற வினை தகும். முன்பே குவிந்திருந்ததை வெடிக்க வைத்த உடனடி நிகழ்வை அது குறிக்கும். தட்டுப்பாட்டுக்கும் விலையேற்றத்துக்கும் ‘கான்ட்ரிபியூட் டு’ தகும். பல காரணங்களுள் ஒன்று என்று அது அடக்கமாகச் சொல்லும். ஆழத்தில் இருந்த பகையைச் சுட்ட ‘ஸ்டெம் ஃப்ரம்’ தகும். கம்யூனிஸ்டுப் போராளிகளிடமிருந்து மக்களைப் பிரித்துவைக்க 1950-இல் வகுக்கப்பட்ட பிரிக்ஸ் திட்டத்தால் லட்சக்கணக்கானோர் புதுக்கிராமங்களில் குடியமர்த்தப்பட்டதற்கு ‘ரிசல்ட்டட் இன்’ பொருந்தும். இந்த நான்கு வினைகளையும் தெரிந்து வைத்திருக்கும் மாணவன், நான்கு வேறு வேறு அளவிலான பொறுப்பைப் பிரித்துச் சொல்லத் தெரிந்தவனாகிறான். அறிவியல் பாடத்துக்கும் வரலாற்றுப் பாடத்துக்கும் இது சேர்த்தே உதவும்.

காரணம் உறுதிப்படாதபோது இன்னும் எச்சரிக்கை வேண்டும். ரப்பர் மரத்தில் சில வேளை வெட்டிய பட்டையில் பால் சுரக்காமல் வறண்டுபோகும். அளவுக்கு மீறி வெட்டுவதோடு அதற்குத் தொடர்பு உண்டு என்று பரவலாகக் கூறப்பட்டாலும், அதன் மூல காரணம் பற்றி ஆய்வாளர்களிடையே இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது. இத்தகைய இடத்தில் ‘இஸ் காஸ்ட் பை’ என்று அடித்துச் சொல்லாமல், ‘இஸ் ஆஃப்டன் அட்ரிபியூட்டட் டு’ அல்லது ‘இஸ் அசோசியேட்டட் வித்’ என்று எழுதுவது நேர்மையும் நல்ல ஆங்கிலமும் ஆகும். இதற்கு மாறாக, விடியற்காலையில் ஏன் மரம் சீவுகிறார்கள் என்பதற்குக் காரணம் தெளிவானது: அந்நேரத்தில் பால் குழாய்களில் அழுத்தம் கூடுதலாக இருக்கும், வெயில் ஏற ஏற மரம் இலைகள் வழியே நீரை இழக்கும், அழுத்தம் குறையும், பால் ஓட்டமும் குறையும். அங்கே தயங்காமல் ‘பிகாஸ்’ எழுதலாம்.

‘அஃபெக்ட்’, ‘இஃபெக்ட்’ குழப்பத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். முதலாவது வினை, இரண்டாவது பெயர் என்று வைத்துக்கொண்டால் பள்ளித் தேர்வுக்குப் போதும்: ‘த ஹேஸ் அஃபெக்டட் த சில்ரன்’, ‘த ஹேஸ் ஹேட் அன் இஃபெக்ட் ஆன் த சில்ரன்’ (‘ஹேஸ்’ என்பது புகைமூட்டம்). பெயராக வரும்போது அதைத் தொடர்வது ‘ஆன்’; ‘டு’ அன்று. ‘ரீசன்’ என்ற பெயருக்குப் பின்னால் ‘ஃபார்’ வரும், ‘காஸ்’ என்ற பெயருக்குப் பின்னால் ‘ஆஃப்’ வரும். மனிதர் எண்ணிச் செய்யும் செயலுக்கு ‘ரீசன்’, தானாக நிகழ்வதற்கு ‘காஸ்’ என்பது ஏறக்குறைய சரியான வழிகாட்டி. ஒருவர் வேலையை விட்டதற்கு ‘ரீசன்’, தீப்பற்றியதற்கு ‘காஸ்’.

பயிற்சிக்கு ஒரு முறையைப் பரிந்துரைக்கிறேன். அவன் நாள்தோறும் ஒரு தமிழ் வாக்கியத்தை எடுத்துக்கொள்ளட்டும். ‘ரப்பர் விலை விழுந்ததால் பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறின’ என்பதுபோல் வீட்டில் பேசப்படும் செய்தியாக இருந்தால் நல்லது. அதை ‘பிகாஸ்’ வைத்து ஒரு முறையும், ‘டியூ டு’ வைத்து ஒரு முறையும், ‘ஆஸ் எ ரிசல்ட்’ வைத்து இரண்டு வாக்கியமாக ஒரு முறையும், ‘லெட்’ வினையை வைத்து ஒரு முறையும் எழுத வேண்டும். எழுதியபின் ஒவ்வொன்றிலும் காரணத்தின் கீழே ஒற்றைக் கோடும் விளைவின் கீழே இரட்டைக் கோடும் போட வேண்டும். கோடுகள் இடம் மாறுவதைக் கண் பார்த்துவிட்டால், ‘தேர்ஃபோர்’ எழுதும்போது அவன் செய்த தலைகீழ் மாற்றம் மறுபடி நேராது. நீங்கள் ஆங்கிலம் படிக்காவிட்டாலும் அந்தக் கோடுகளைச் சரிபார்க்கலாம். எது காரணம், எது விளைவு என்று அவனைத் தமிழில் கேட்டாலே போதும். ‘ஹென்ஸ்’, ‘தஸ்’ இரண்டையும் இப்போதைக்கு ஒதுக்கி வைக்கச் சொல்லுங்கள். படிவம் ஆறுக்குப் போய், பல்கலைக்கழக நுழைவுக்கான மூயெட் ஆங்கிலத் தேர்வுக்கு எழுதும்போது அவற்றைப் பார்த்துக்கொள்ளலாம்.